திரும்பி வந்த வரிகள்

மார்ச் பதினான்காம் தேதி காலை பத்து மணிக்கு, கணினிக்கு எழுத்தால் கட்டளையிடும் டெர்மினல் செயலியில் சேர்க்கவேண்டிய மாற்றங்களைத் தீர்மானிக்கும் கூட்டம் நடந்தது. திரையில் மூடிய அதன் ஜன்னலை மறுபடி திறந்தால், முன்பு அதில் தட்டச்சு செய்த வரிகள் திரும்பிவரும் வசதியை எழுதிய இளைஞன், அதைப் பெரிய திரையில் இயக்கிக் காட்டினான். முதல்நாள் அதே ஜன்னலிலிருந்து நண்பனுக்கு அவன் அனுப்பிய செய்தியும் திரும்பிவந்தது: "அந்தம்மாவுக்கு ஒண்ணும் புரியாது. தலையாட்டிடும்."

அந்த அம்மையார், குழுத் தலைவி, முன்வரிசையில் அமர்ந்திருந்தார்.

"நல்லாத்தான் வேலை செய்யுதுப்பா. எனக்கே புரிஞ்சிடுச்சுன்னா பாத்துக்கோயேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் கூனிக்குறுகி நின்றான்.

"இதே மாதிரி இன்னும் எத்தனை பேர் மானம் போகும்? யோசிச்சியா?"

"இல்லைங்க மேடம்... மன்னிச்சிடுங்க."

வசதியைச் சேர்ப்பதென்றும், பயன்படுத்துபவர் கேட்டாலொழிய அது இயங்கலாகாதென்றும் முடிவாயிற்று. அந்தத் திருத்தத்தை அன்றே அவன் எழுதிக்கொடுத்தான்.