மூன்றுக்கும் ஒரே அடையாளம்

பாடை தெருமுனை திரும்பியதும் வீடு கழுவ உமாராணி சேலையைத் தூக்கிச் செருகினாள். அதற்குள் ஃபோன் அடித்தது. தம்பி தேவா. பட்டாளத்திலிருந்து லீவு வாங்கி, திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கி, டாக்சி பிடித்து வருகிறான். பாடையில் போகிறவள் மூத்தவள் ஜெயசித்ரா, தாயில்லாத வீட்டில் அவனை வளர்த்தவள். அவள் முகத்தை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் அவனுக்கு.

"சின்னக்கா, மயானத்துல நிக்கேன். இங்கன ஒருத்தரையும் காணோம்."

"எந்த மயானம்லே?"

"அக்கா வாக்கப்பட்ட ஊர்ல எனக்கு எது தெரியும்? இலஞ்சியில மூணு காட்டுது. மூணுலயும் மயானம்னுதான் போட்டிருக்கு."

அவன் ஃபோனில் இருந்தது அக்கா ஏற்றிக்கொடுத்த மேப். ஊர் ஊராக ஆட்கள் கூலி வாங்காமல் சேர்ந்து வரைவது. கிராம நர்ஸாக ஸ்கூட்டரில் அலைந்த அக்காவும் வரைந்தாள். சாதிக்கு ஒன்றாக இருக்கும் சுடுகாட்டை ஒருத்தர் காலியிடம் என்று குறிப்பார், இன்னொருத்தர் தோப்பு என்பார், வேறொருத்தர் சாதிப் பேரை எழுதிவைப்பார். இரண்டு வருஷம் மல்லுக்கட்டி எல்லாவற்றுக்கும் ஒரே அடையாளம் போட்டாள். மயானம். பேர் எழுதும் கட்டத்தைக் காலியாகவே விட்டாள்.

உமாராணி அக்கா புருஷன் செல்லச்சாமியைக் கூப்பிட்டாள்.

"அத்தான், தேவா வழி தெரியாம நிக்கான்."

"ஆத்தங்கரைக்கு வரச்சொல்லு. எல்லாருக்கும் தெரியும்."

"மூணும் ஆத்தங்கரையிலதான் இருக்காம்."

"ஒங்கக்கா செஞ்ச வேல. எல்லாத்துக்கும் ஒண்ணா எழுதிவச்சா வாறவன் என்ன செய்வான்? அவ ஃபோனத் தொறந்து நம்மாளுக பேரப் போட்டு விடு. பொழுது எறங்குது. இங்கன அவசரப்படுத்துதாவ." வைத்துவிட்டார்.

கூட வீடு கழுவ வந்திருந்த பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாளிடம் கேட்டாள்.

"நம்ம எங்கன போயிருக்கோம் தாயி? தெருமுனையோட சரி."

மூன்றையும் நேரில் பார்த்த பொம்பளை அந்தத் தெருவில் ஒருத்திதான். அவளைத்தான் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அக்காவின் ஃபோனில் மேப் திறந்தே கிடந்தது. ஒன்றின் பழைய பதிவில், யாரோ எழுதி அக்கா அழித்த தங்கள் சாதிப் பேர் இருந்தது. காலிக் கட்டத்தில் அதையே திரும்ப எழுதினாள். எழுதும்போதே எரிச்சல் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

"தேவா, இப்பப் பாரு. பேரு போட்டிருக்கேன்."

"இதுல வராதுக்கா. போன லீவுல பெரியக்கா எறக்கித் தந்தது, நெட் இல்லாம ஓடும். பழசைத்தான் காட்டும்."

"முன்னாலயே சொல்லுததுக்கு என்னலே?"

"நீ மாத்தப்போறேன்னு சொன்னியா?"

ஆற்றுக் காற்று ஃபோனில் இரைந்தது.

"இரு, ஒருத்தரு மாடு பத்திட்டு வாறாரு" என்று வைத்தான்.

கால் மணி நேரம். உமாராணி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். கழுவின இடத்தையே மறுபடி கழுவினாள்.

ஃபோன் வந்தது. "பாத்துட்டேன்க்கா" என்றான். பின்னால் ஆண்களின் பேச்சுச் சத்தம். "மாட்டுக்காரரு கார்ல ஏறிவந்து காட்டுனாரு."

ஃபோனை வைத்தான்.

எழுதினதை அழித்துவிடலாம் என்று அக்காவின் ஃபோனை எடுத்தாள். ஒரு செய்தி வந்திருந்தது. சுஹைப், செங்கோட்டை. அக்காவோடு சேர்ந்து மேப் வரைகிறவன் போலிருக்கிறது.

'அக்கா, நீங்களே பேர் போட்டிருக்கீங்களே. கை தவறிப் பட்டிருக்கும்னு எடுத்துட்டேன். இப்போ மூணும் பழையபடி ஒண்ணா இருக்கு. சரிதானே?'

முப்பிடாதியம்மாள் உள்ளேயிருந்து துடைப்பம் கேட்டாள். உமாராணி காதில் விழவில்லை. நீளமாக ஏதோ எழுதினாள். எழுத்தெழுத்தாக அழித்தாள்.

'சரி தம்பி' என்று அனுப்பினாள்.