பொலோனியாவுக்கு நான்கு ரயில்

என் கணவன் சோல்வே முப்பது வருடம் பறந்து பறந்து உத்தியோகம் பார்த்தவன். அப்படிப்பட்டவன் மால்மோவில் எங்கள் சமையலறை மேஜையில் ரயில் நேரங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பயமும்.

காரணம் எங்கள் ஒரே மகள் தூவா. இனி விமானம் ஏறமாட்டேன் என்று இரண்டு வருடத்துக்கு முன் அவள் சொன்னபோது, "நீ ஒருத்தி ஏறலேன்னா பூமி குளுந்துடுமா?" என்று விருந்தாளிகள் முன்னால் கேலி செய்தான். அன்றோடு அப்பாவும் பெண்ணும் பேசுவது நின்றது. இப்போது அவளுக்குப் பொலோனியாவில் கல்யாணம். எனக்குத்தான் போன் வந்தது.

"இருபத்திரண்டாவது வாரம், சனிக்கிழமை, பதினோரு மணி. அப்பாவும் வரட்டும். ஆனா பறந்து வந்தா வாசலோட திரும்பிடணும்."

தேதி கேட்பது எங்கள் ஊர் வழக்கமில்லை. பல் டாக்டர் முதல் பள்ளி விடுமுறை வரை எல்லாம் வார எண்தான். சோல்வே ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்துக் குறித்துக்கொண்டான். வெள்ளி காலை கோபன்ஹேகன், அங்கிருந்து ஹாம்பர்க், பிறகு மியூனிக், அங்கே இரவு ரயில், சனி காலை பொலோனியா. மூன்று வாரம் காப்பியும் ஏலக்காய் ரொட்டியுமாக இதே வேலை.

"ஹாம்பர்க்ல ஒம்பது நிமிஷந்தான் விட்டிருக்கே" என்றேன்.

"ஒம்பது நிமிஷத்துல ஒரு காப்பியே குடிக்கலாம்."

"குடிப்பே, குடிப்பே."

ஹாம்பர்க்குக்கு நாற்பது நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். மியூனிக் ரயில் போயே போய்விட்டது. அடுத்ததில் ஏறினால் இரவு ரயில் கிடைக்காது. இரவு ரயில் இல்லையென்றால் கல்யாணம் இல்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். பிளாட்பாரத்திலேயே பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன்.

சோல்வே போனைத் தடவினான். "சாயங்காலம் பொலோனியாவுக்கு ஒரு ஃப்ளைட் இருக்கு. ரெண்டு சீட்."

"போட்டுடு. எம்பொண்ணு கல்யாணத்தை நான் பாக்கணும். அவகிட்ட யாரு சொல்லப் போறா?"

அவன் விரல் திரை மேல் அப்படியே நின்றது. அவன் அவ்வளவு நேரம் யோசித்து நான் பார்த்ததில்லை. பிறகு டிக்கெட் வாங்காமல், இரண்டு வருடமாகத் தொடாத எண்ணை அழுத்தினான். நானும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தான்.

"தூவா, அப்பா பேசறேன். ஹாம்பர்க்ல ரயிலை விட்டுட்டோம். பறந்தா வந்துடலாம். ஆனா நீ சொல்லாம ஏறமாட்டேன். அம்மாவையாவது அனுப்பட்டுமா? நாளைக்கு உன் கல்யாணத்துல அவ இல்லாம..."

"நாளைக்கா? அப்பா, கல்யாணம் அடுத்த சனிக்கிழமை!"

நான் எழுந்தே நின்றுவிட்டேன். வயிற்றில் பாலை வார்த்தாள் மகராசி.

அப்புறம்தான் விளங்கியது. சோல்வேயின் ஆபீஸ் அமெரிக்கக் கம்பெனி. ஜனவரி முதலில் முழு வாரமாகாமல் வருகிற இரண்டு மூன்று உதிரி நாட்களையும் அவர்கள் ஒரு வாரமாக எண்ணிவிடுகிறார்கள். எங்கள் நாட்டுக் கணக்கில் அந்த வருடம் அவை சேரவில்லை. ஆகவே அவனுடைய இருபத்திரண்டாவது வாரம் ஏழு நாள் முந்திக்கொண்டது. ஆனைக்கும் அடி சறுக்கும், என் ஆனைக்கு அன்றாடம் சறுக்கும்! திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், சிரிப்புதான் வந்தது.

"அப்ப நாங்க வீட்டுக்குத் திரும்பிடறோம்மா" என்றான் சோல்வே, தலையைக் குனிந்துகொண்டு. "அடுத்த வாரம் ஒழுங்கா வர்றோம்."

அதைக் கேட்டதும் எனக்குப் பழைய பயம் திரும்ப வந்தது. என் பெண்ணின் பிறந்தநாட்களுக்கு வராமல் இவன் எத்தனை ஊர் விமான நிலையங்களிலிருந்து மன்னிப்புக் கேட்டிருப்பான் என்பது எனக்குத்தான் தெரியும்.

"எதுக்குத் திரும்பணும்?" என்றாள் தூவா. "அடுத்த ரயிலப் புடிச்சு வாங்க ரெண்டு பேரும். அப்பா, என் வாழ்க்கையில நீ சீக்கிரமா வர்றது இதுதான் முதல் தடவை."