நாமாவின் மகன் யெஹ்யா

யெஹ்யா நாலு மாடி ஏறி மொட்டைமாடிக்கு வந்தபோது நப்தாலி வெந்நீர்த் தொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். துருப்பிடித்த இணைப்பிலிருந்து சொட்டிய தண்ணீர் அவன் தாடியில் விழுந்துகொண்டிருந்தது. முதலில் இரண்டு செருப்புக் கால்கள்தான் கண்ணில் பட்டன. இடது பெருவிரல் நகம் கறுத்த அந்தக் கால்களை அவன் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வான். உடம்பை வெளியே இழுத்துக்கொள்வதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"அண்ணே, நாலு மாடி ஏறலாமா நீங்க? ஒரு போன் பண்ணியிருந்தா நானே இறங்கி வந்திருப்பேனே. தண்ணி குடிச்சீங்களா?"

யெஹ்யாவுக்கு மூச்சு வாங்கவில்லை. அறுபதை நெருங்குகிற மனிதர், எருசலேமின் ஜூன் மாத வெயிலில் நாலு மாடி ஏறிவந்து சாவகாசமாகக் கைகட்டி நின்றார். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் நப்தாலிக்கு என்னவோ லேசாக ஏமாற்றமாக இருந்தது. அந்த ஏமாற்றத்தை அவன் உடனே ஈரக்கையோடு சேர்த்துத் துணியில் துடைத்துக்கொண்டான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தன் இடது சிறுநீரகத்தை இந்த மனிதருக்குக் கொடுத்தவன் அவன். உறவு கிடையாது, ஒரே தெரு கிடையாது, அதுவரை முகம்கூடப் பார்த்ததில்லை. நப்தாலியின் குடும்பம் போலந்திலிருந்து வந்தது, யெஹ்யாவின் குடும்பம் ஏமனிலிருந்து. இரண்டு வீட்டுச் சாப்பாடும் ஒரே மேஜையில் வைத்தால் சண்டை போட்டுக்கொள்ளும். தன் யூத ஜெப ஆலய வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்தான். வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு கட்டிப்போடப்பட்ட கணக்கு வாத்தியார் என்று எழுதியிருந்தது. அன்றைக்கே போன் செய்துவிட்டான். மனைவி பிராஹா ஒரு வாரம் அழுதாள். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் பெட்டி கட்டிக் கொடுத்தாள்.

கொடுத்தபோது அவன் எதையும் எதிர்பார்க்கவில்லை, அது சத்தியம். எதிர்பார்ப்பெல்லாம் பிறகு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. காலையில் ஒரு போன், மாத்திரை போட்டாரா என்று. மத்தியானம் ஒரு போன், தண்ணீர் எத்தனை டம்ளர் என்று. வெள்ளிக்கிழமைகளில் நேரிலேயே போய்விடுவான். அவனுடைய வேன் வாசலில் நிற்கும் சத்தம் கேட்டதும் யெஹ்யாவின் மனைவி பச்சைமிளகாய்த் துவையல் பாட்டிலை அலமாரிக்குள் ஒளித்து வைப்பாள். ஏமன்காரர்களுக்கு அந்தத் துவையல் இல்லாத ரொட்டி ரொட்டியே அல்ல. நப்தாலிக்கு அந்த ஒளித்து வைத்தல் தெரியும். அதில் ஒரு திருப்தியும் இருந்தது.

யெஹ்யா வந்த காரியம் வேறு. மகள் ஹோதயாவுக்கு நல்ல இடம் அமைந்திருந்தது, அடுத்த புதன்கிழமை நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் சித்தப்பா போன சனிக்கிழமை ஓய்வுநாளில் தற்செயலாக நப்தாலியின் ஜெப ஆலயத்துக்கு விருந்தாளியாக வந்திருக்கிறார். திங்கள், வியாழன், சனி மூன்று நாளும் நடக்கிற தோரா வேத வாசிப்புக்கு நடுவில், நோயாளிகளுக்காக வேண்டிக்கொள்ளும் இடத்தில், ஆலயக் காரியஸ்தர் ஒவ்வொரு பெயரையும் தாயின் பெயரோடு சேர்த்துச் சொல்வார். அதில் 'நாமாவின் மகன் யெஹ்யா' என்று வந்தது. சம்பந்தம் பேசும்போதே இரண்டு வீட்டு வம்சத்தையும் அலசி முடித்திருந்தார்கள். இந்த ஊரில் நாமாவுக்குப் பிறந்த யெஹ்யா எத்தனை பேர் இருந்துவிட முடியும்? மாற்றி வைத்த சிறுநீரகம் மறுபடி கெட்டுவிட்டதா, அதை ஏன் மறைத்தீர்கள் என்று அன்று பொழுது சாய்ந்து ஓய்வுநாள் முடிந்ததுமே போன் வந்துவிட்டது. டாக்டர் சீட்டைக் காட்டியும் அவர்கள் மசியவில்லை. சீட்டு யார் வேண்டுமானாலும் வாங்கலாம், தோராவுக்கு முன்னால் நின்று ஒருவன் சும்மா பெயர் கொடுப்பானா என்கிறார்கள். வருகிற திங்கட்கிழமைக் காலை சித்தப்பா மறுபடி அதே ஆலயத்துக்கு வந்து தன் காதாலேயே கேட்கப்போகிறாராம். அன்றைக்கும் பெயர் வந்தால் புதன்கிழமை கிடையாது.

"ரெண்டு வருஷமாவா எம் பேரக் கொடுத்துக்கிட்டிருக்கே?" என்றார் யெஹ்யா.

"வேண்டுதல்தானேண்ணே. வேண்டிக்கிட்டா அதுல என்ன கெடுதல்?"

"உடம்புக்கு முடியாதவனுக்குச் செய்ற வேண்டுதல் அது. நான் நல்லா இருக்கேன் தம்பி. அதுதான் உனக்குப் பிடிக்கல."

நப்தாலி சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. யெஹ்யா கோபமாகப் பேசியிருந்தால்கூடச் சமாளித்திருப்பான். அவரோ வகுப்பில் தப்பாகக் கணக்குப் போட்ட பையனிடம் பேசுகிற குரலில் பேசினார்.

"நீ கொடுத்தே, நான் வாங்கிக்கிட்டேன். சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா அது இப்ப என்னோடது. காலையில ஒரு தடவ, மத்தியானம் ஒரு தடவ வந்து எட்டிப் பாக்க அது நீ என்கிட்ட விட்டுவெச்ச சாமான் இல்ல. பேர எடுத்துடு."

எடுத்துவிடுகிறேன் என்றான் நப்தாலி. அதைச் சொல்ல ஒரு நொடிதான் ஆனது, செய்ய முடியவில்லை. மறுநாள் புதனன்று தொட்டிகளைத் தப்புத் தப்பாக மாட்டி இரண்டு வீட்டில் திட்டு வாங்கினான். வியாழக்கிழமை காலை தன் ஆலயத்துக்குப் போகாமல், சந்தைக்குப் பின்னால் யாருக்கும் அவனைத் தெரியாத ஒரு சின்ன ஜெப ஆலயத்துக்குப் போனான். வரிசையில் நின்று, குரலைத் தாழ்த்தி, நாமாவின் மகன் யெஹ்யா என்றான். முன்பின் தெரியாத அந்தக் காரியஸ்தர் அவன் தோளைத் தொட்டு, சீக்கிரம் குணமாகட்டும் என்றார். அந்தத் தொடுதலுக்காகத்தான் வந்தோம் என்பது வெளியே வந்து வேன் சாவியைத் தேடும்போது அவனுக்கு உறைத்தது. ரொட்டி திருடியவன் மாதிரி அவசரமாக வண்டியை எடுத்தான்.

அவனுக்கு என்னதான் வேண்டும்? யோசிக்க யோசிக்க அசிங்கமாக இருந்தது. அந்தப் பெயர் படிக்கப்படும்போதெல்லாம் ஆலயத்தில் நாலு தலையாவது அவன் பக்கம் திரும்பும். உன் ஆள் எப்படி இருக்கிறார் என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்காக அவன் வாரம் முழுக்கக் காத்திருந்தான். யெஹ்யா நன்றாகிவிட்டால், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அவன் மறுபடி வெந்நீர்த் தொட்டி ரிப்பேர்காரனாகிவிடுவான்.

வெள்ளிக்கிழமை பிராஹா அடுப்பில் மீனை வைத்துவிட்டு அவனைப் பார்த்தபடி நின்றாள். அவன் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான். விஷயத்தை அவளுக்கு முழுசாகச் சொல்லியிருந்தான், தன் பக்கம் கொஞ்சம் மெருகேற்றி. அவளுக்கு மெருகெல்லாம் எடுபடாது.

"ஏங்க, குளிர்காலத்துல எனக்கு நெஞ்சுச்சளி வந்து பத்து நாள் படுத்துக்கிடந்தேனே. எம் பேர ஒரு தடவ கொடுத்தீங்களா?"

கொடுக்கவில்லை. அவள் பக்கத்து அறையில்தானே படுத்திருந்தாள். அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்ததும் அவன்தான், ஆனால் அந்த நாட்களிலும் ஆலயத்தில் அவன் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு பெயர்தான். பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. மீனைத் திருப்பிப் போடப் போய்விட்டாள்.

ஓய்வுநாள் காலை, பட்டியல் வரும் நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்கப் போகிறவன்போல் முற்றத்துக்கு நழுவினான். பெயரை அவன் கொடுக்கவில்லை, ஆனால் நிறுத்தச் சொல்லவும் இல்லை. காரியஸ்தர் கெர்ஷோனுக்குச் சீட்டு வேண்டாம், எல்லாம் மனப்பாடம். ஜன்னல் வழியே நாமாவின் மகன் யெஹ்யா கணீரென்று வந்து விழுந்தார். நப்தாலி குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றான்.

பஸ்கா பண்டிகை முடிந்ததிலிருந்து செப்டம்பர் வாக்கில் வரும் யூதப் புத்தாண்டு வரைக்கும் ஓய்வுநாள் பின்னேரங்களில் 'முன்னோர் மொழிகள்' என்கிற பழைய நீதிநூலில் ஓர் அத்தியாயம் படிப்பது வழக்கம். கோடைக்குள் அது இரண்டு மூன்று சுற்று வந்துவிடும். அன்றைக்கு ஐந்தாவது அத்தியாயம். சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏதோ ஒன்றை நம்பி நிற்கிற அன்பு, அந்த ஒன்று போனதும் போய்விடும், எதையும் நம்பாத அன்புக்கு அழிவில்லை என்கிற இடத்துக்குப் பாடம் நடத்திய ரப்பி வந்தார். முதல் வகைக்கு உதாரணம் ஓர் அரசகுமாரன்: ஒரு பெண்மேல் ஏங்கி நோயாளியாகவே படுத்தவன், அடைந்த மறுநிமிஷம் அவளை வெறுத்துத் துரத்தியவன். இரண்டாவதுக்கு இன்னோர் அரசகுமாரன்: தன் சிம்மாசனத்தைப் பிடிக்கப்போகிறவன் என்று தெரிந்தே ஓர் ஆட்டிடையனுக்கு மேலங்கியையும் வாளையும் கழற்றிக் கொடுத்தவன். பிறகு ரப்பி வழக்கம்போல் நப்தாலியைப் பார்த்துக் கையை நீட்டினார். புத்தகத்தில் எதற்குத் தேடுகிறீர்கள், இதோ நம் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்றார். எல்லாரும் திரும்பினார்கள்.

இரண்டு வருஷமாக இந்தத் தருணத்தில் நப்தாலி தலையைக் குனிந்துகொள்வான். அடக்கம் என்று அவர்கள் நினைப்பார்கள், அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான். இன்றைக்குக் குனிய முடியவில்லை. அந்த அரசகுமாரன் மேலங்கியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். தோள் பொருந்துகிறதா, வெயிலில் கழற்றி வைத்தானா, துவையல் சிந்தினானா என்று அந்த இடையனுக்குப் பின்னாலேயே போய்ப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. வாயில் இருந்த விதையைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நப்தாலி உட்கார்ந்திருந்தான். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். அதற்கு நடுவிலும், இன்னும் கொஞ்ச நேரம் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று உள்ளே ஒன்று ஆசைப்பட்டது.

திங்கட்கிழமைக் காலை ஆறரைக்கே ஆலயம் நிறைந்திருந்தது. வேலைக்குப் போகிற அவசரம் எல்லார் முகத்திலும் தெரிந்தது. கையிலும் நெற்றியிலும் காலை ஜெபத்துக்கான தோல்வார்களைக் கட்டிக்கொண்டு நப்தாலி பின்வரிசையைப் பார்த்தான். கதவோரமாக, மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு, அறிமுகமில்லாத ஒரு மெலிந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். புத்தகம் திறந்திருந்தது, கண் மட்டும் தோரா வாசிக்கும் மேஜைப் பக்கமே இருந்தது. அவர் யாரென்று கேட்க வேண்டிய தேவை நப்தாலிக்கு இல்லை.

வாசிப்புக்கு நடுவில் பெயர் கொடுக்கிறவர்கள் மேஜையைச் சுற்றி வந்தார்கள். போகாமலே இருந்துவிடலாம்தான், ஆனால் கெர்ஷோன் தானாகவே சொல்லிவிடுவார். நப்தாலி வரிசையில் நின்றான். முறை வந்ததும் கெர்ஷோன் அவன் முகத்தைப் பார்த்தார், அவன் வாய் திறக்கும்வரைகூடப் பொறுக்கவில்லை, "நாமாவின் மகன்" என்று தொடங்கிவிட்டார்.

"வேண்டாம்" என்றான் நப்தாலி.

கெர்ஷோனுக்குப் புரியவில்லை. காதை நீட்டினார்.

"அவரு நல்லாயிட்டாரு. பேர எடுத்துருங்க."

கெர்ஷோனின் முகம் மலர்ந்துவிட்டது. மேஜையை ஓங்கித் தட்டி, நம்ம நப்தாலியோட ஆளு குணமாயிட்டாராம் என்று ஆலயம் முழுக்கக் கேட்கச் சொன்னார். வேலைக்கு நேரமானவர்கள்கூட எழுந்து வந்தார்கள். ஒருவர் கையைக் குலுக்கினார், ஒருவர் கன்னத்தில் முத்தம் வைத்தார், இனி நீ நிம்மதியாகத் தூங்கலாம் என்றார் இன்னொருவர். கதவோரத்து மனிதர் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்து, அவனைப் பார்த்து ஒரு தடவை தலையசைத்துவிட்டு வெளியே போனார். ஹோதயாவுக்குப் புதன்கிழமை உண்டு. இத்தனை பேரின் சந்தோஷத்துக்கு நடுவில் நப்தாலிக்கு அழுகை வந்தது. அதையும் ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு முதுகைத் தட்டினார்கள். அவன் கை தானாகப் போய்ச் சட்டைக்கு மேலே இடுப்பின் தழும்பை அழுத்திக்கொண்டது.

கூட்டம் கலைந்தது. கெர்ஷோன் பொறுமையாக அவனைப் பார்த்தார்.

"வேற யாரு பேரு சொல்லணும்?"

நப்தாலி வாயைத் திறந்தான். வாரத்துக்கு மூன்று தடவை, இரண்டு வருஷம், அந்த வாய்க்குப் பழகிய பெயர் ஒன்றுதான். பின்னால் நின்ற இளவயதுத் தகப்பன் ஒருவன் மன்னிப்புக் கேட்டு அவன் தோளை உரசிக்கொண்டு முன்னால் வந்து, ஒரு குழந்தையின் பெயரை மெல்லச் சொன்னான். அவனுக்கு அடுத்தவர் வந்தார், அவருக்கு அடுத்தவர். மேஜை விளிம்பைப் பிடித்தபடி நப்தாலி அங்கேயே நின்றான். வரிசை அவனைச் சுற்றி வளைந்து போய்க்கொண்டிருந்தது.