சொர்ணம் உட்கார்ந்தபடி தூங்கினாள்

1997-இல் மரகதம் நர்சிங் இரண்டாம் வருடம். வீடு ஸ்ரீராம்புரத்தில். அப்பா இல்லை, அம்மாவுக்குக் கார்ப்பரேஷனில் தெரு பெருக்கும் வேலை. அக்கா சொர்ணம் ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து, ஹெப்பகோடியில் புருஷன் வீட்டிலிருந்து தாய்வீட்டுக்கு வந்திருந்தாள்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஜோசஃபின் மேடம் வகுப்பில் இதய வால்வு சுருங்கும் நோயை நடத்தினார். சின்ன வயதில் தொண்டையில் ஒரு கிருமி வருகிறது. அதை எதிர்க்க உடம்பு எதிர்ப்புப் பொருள் ஒன்றைத் தயாரிக்கிறது. அது ஆள் மாறி மூட்டுகளைத் தாக்குகிறது, பிறகு இதயத்தின் வால்வை. மூட்டு வலி சரியாகிவிடும். வால்வு மட்டும் வருடக்கணக்கில் தடித்து ஒட்டிக்கொண்டே போகும். இரத்தம் கீழே இறங்க வழியில்லாமல் நுரையீரலில் தேங்கும். கர்ப்பத்தில் இரத்தம் ஏறக்குறைய ஒன்றரைப் பங்காகிவிடும். அதுவரை ஓடிய இதயம் அப்போதுதான் திணறும். படுத்தால் மூச்சு முட்டும்.

மரகதம் எழுதுவதை நிறுத்தினாள். சொர்ணத்துக்குப் பத்து வயதில் வலது முட்டி வீங்கியது. அது வற்றியதும் இடது மணிக்கட்டு. அப்போது மரகதத்துக்கு ஆறு வயது. இரண்டு வாரம் தனியாகப் பள்ளிக்கூடம் போனதால் அவளுக்கு அது மறக்கவில்லை.

"இந்தப் பாடம் முடியறதுக்குள்ள உங்க எல்லாருக்கும் ஹார்ட் நோய் வந்துடும்," என்றார் மேடம். "போன மாசம் பாதி பேருக்கு டிபி வந்துச்சில்ல?"

வகுப்பு சிரித்தது. போன மாதம் டிபி என்று பயந்து எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர்களில் மரகதமும் ஒருத்தி. அவளும் சிரித்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது சொர்ணம் டிரங்குப் பெட்டியில் சாய்ந்து, உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க்கா உக்காந்துக்கினு தூங்குற?"

"படுத்தா ஒரு மாதிரி இருக்குடி. நீ போய்ப் படி."

மரகதம் போய்ப் படித்தாள். தன் சந்தேகத்தை அன்று யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்தாள். சிரிக்காமல் பயந்துவிட்டால் இன்னும் மோசம் என்றும் நினைத்தாள். பதினேழு நாள் அப்படியே போனது.

பதினெட்டாம் நாள் காலை குழாயடியில் குடத்தைப் பிடித்தபடியே சொர்ணம் உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலமாக இருந்தது. ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அம்மா வேலையிடத்திலிருந்து நேராக ஓடி வந்தாள்.

"சிக்க வயசல்லி கீலு நோவு இத்தா?" என்று டாக்டர் கேட்டார், சின்ன வயதில் மூட்டு வலி இருந்ததா என்று.

மூட்டு வலியெல்லாம் வந்ததில்லை என்று அம்மா கன்னடத்தில் சொன்னாள்.

"வந்துச்சு," என்றாள் மரகதம். வயது, எந்த முட்டி, எந்தக் கை, எத்தனை நாள், எல்லாம் சொன்னாள். டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டே, "மொதலே ஹேளபேகித்து," என்றார். முன்பே சொல்லியிருக்க வேண்டுமாம். அவர் திட்டவில்லை. தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

ஊசியும் மாத்திரையும் கொடுத்ததில் ஆறு நாள் கொஞ்சம் தேவலாம் போலிருந்தது. ஏழாம் நாள் வலி முன்கூட்டியே எடுத்தது. மூன்று மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒரு கிலோ எழுநூறு.

யூனிஃபார்மில் இருந்ததால் மரகதத்தை உள்ளே விட்டிருந்தார்கள். எல்லோரும் குழந்தையைப் பார்த்தார்கள். அவள் சொர்ணத்தின் கழுத்து நரம்பைப் பார்த்தாள். பிரசவம் ஆனதும், கர்ப்பப்பைக்கு ஓடிய இரத்தம் மொத்தமும் இதயத்துக்குத் திரும்பும். சுருங்கிய வால்வு அதைத் தாங்க வேண்டும். அடுத்து என்ன வரும் என்று அவளுக்கு வரிசையாகத் தெரியும்.

"என்ன கொழந்தடி?"

"பொண்ணுக்கா."

"மூக்கு யார் மாதிரி?"

பதில் சொல்வதற்குள் இருமல் வந்தது. பிறகு ரோஸ் நிறத்தில் நுரை. டாக்டர்கள் ஓடி வந்தார்கள். ஆக்சிஜன் மாஸ்க்கை அழுத்திப் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தாள். நாலு இருபதுக்கு, போதும் எடுத்துவிடு என்றார்கள், எடுத்தாள். மாஸ்க் பதிந்த தடம் சொர்ணத்தின் கன்னத்தில் இருந்தது. மரகதம் அதைத் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. கை கால்களை நேராக்கி, போர்வையைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

ஐந்தரைக்குச் சொர்ணத்தின் புருஷன் கோதண்டராமன் கம்பெனிச் சட்டையோடு வந்தான். மரகதம் அவனை பெஞ்சில் உட்கார வைத்து, தொண்டைக் கிருமியில் தொடங்கி நுரையீரல்வரை ஒன்று விடாமல் விளக்கினாள். அவன் முழுவதையும் கேட்டான்.

"இன்னிக்கு அவ ஏதாவது சாப்பிட்டாளா?" என்றான்.

"காலையில ரெண்டு இட்லி, மாமா."

காரியம் முடிந்து மரகதம் கல்லூரிக்குப் போனாள். அந்த வாரம் கேஸ் ஸ்டடி எழுதித் தர வேண்டியது அவள் முறை. பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரிக்க வேண்டும்: இடது பக்கம் புத்தகம் சொல்வது, வலது பக்கம் நோயாளியிடம் கண்டது. பேர் போடாமல் சொர்ணத்தின் கேஸையே எழுதினாள். இரண்டு பக்கமும் ஒரு வரிகூடப் பிசகாமல் பொருந்தின.

"எந்த வார்டு பேஷண்ட் இது?" என்றார் ஜோசஃபின் மேடம். "ஹிஸ்டரி இவ்வளவு தெளிவா யாரும் எடுத்ததில்ல."

"வெளி ஆஸ்பத்திரி, மேடம்."

இருபதுக்குப் பதினெட்டு போட்டார். மதியம் கேன்டீனில் மரகதம் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டாள். உப்பு இல்லை என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

குழந்தை ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தது. அனுஷா என்று கோதண்டராமன் பேர் வைத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அம்மா புட்டியைக் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"யம்மா, எனக்கு முன்னாடியே தெரியும்," என்றாள் மரகதம். "கிளாஸ்ல நடத்தினப்பவே தெரியும். பதினேழு நாள் சொல்லாம இருந்துட்டேன்."

அம்மா திரும்பவில்லை. இடுக்கியால் புட்டியை எடுத்துத் துணியில் கவிழ்த்தாள்.

"எங்கிட்ட சொன்னா அவ," என்றாள். "படுக்க முடியலம்மா, நெஞ்சு அடைக்குதுன்னு ரெண்டு மூணு தபா சொன்னா. புள்ள மேல ஏறி நிக்குது, அப்படித்தான் இருக்கும்னு சொன்னேன். அந்த மூட்டு வலி எனக்கு நெனப்பே வரல பாரு. நாந்தான முட்டிக்குப் பத்து போட்டேன்."

தொட்டிலில் குழந்தை அசைந்தது.

"பால் கலக்கு," என்றாள் அம்மா.

மரகதம் பால்பவுடரில் தண்ணீரை அளந்து ஊற்றினாள். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். சூடு சரியாக இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. புட்டியை அம்மாவிடம் நீட்டினாள்.