கால் அறுத்த மேசை

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு தொடங்கியபோதே ஸைனம்புவின் கழுத்து திரும்பவில்லை. யாராவது கூப்பிட்டால் உடம்போடுதான் திரும்பிப் பார்ப்பாள். காலையில் பிடரியில் தொடங்கும் வலி வலது தோளுக்கு இறங்கி, பின்னேரமானால் விரல் நுனிவரை விறைக்கும். அந்த விரல்களால்தான் காத்தான்குடியில் பாதித் தெருவுக்குச் சட்டை தைத்தாள்.

தைலம் பூசினாள், குளிசை விழுங்கினாள். யாரோ சொன்னார்களென்று கழுத்துப் பட்டி வாங்கி மூன்று மாதமாகக் கட்டியிருந்தாள். அதைக் கழற்றினால் தலை நிற்கமாட்டேன் என்றது.

மே மாதம் சண்டை முடிந்துவிட்டதாக றேடியோ சொன்னது. எங்கோ வெடி கொளுத்தினார்கள். எழும்பிப் போய்ப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

“முடிஞ்சா நல்லந்தான்” என்றாள் கணவன் மஜீடிடம்.

மறு வாரம் அவன் மேசன் வேலைக்குப் போகாமல் நின்று, அவளை மட்டக்களப்புக்கு பஸ்ஸில் கூட்டிப்போனான். எக்ஸ்ரேயைப் பார்த்த டொக்டர் எலும்பில் பெரிய பழுதில்லை என்று சொல்லி, உடற்பயிற்சி சொல்லித்தரும் பகுதிக்கு அனுப்பினார். அங்கேயிருந்த கம்சாயினி என்ற இளம்பெண் அவளுடைய தோளை அமத்திப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“என்ன வேலை செய்யிறீங்க?”

“தையல், மிஸ்.”

“மேசை எவ்வளவு உயரம்?”

ஸைனம்பு முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே கையை வைத்துக் காட்டினாள்.

“சுனாமி வீட்டையும் மாமியையும் கொண்டு போயிட்டு. மறுகா டென்டுக்குள்ள பாயில இருந்துதான் தைச்ச நான். கை எட்டணுமெண்டு இவர் மேசைட கால அறுத்துத் தந்தார். ரெண்டு மாசத்துக்குத்தானே எண்டு நினைச்சம்.”

“இப்ப?”

“இப்ப வீடு இருக்கு. கதிரையில இருந்து தைக்கிறன். மேசை அதேதான்.”

“நாலு வருசம்” என்று கம்சாயினி மெல்லச் சொன்னாள். “தலை முன்னுக்குத் தொங்கினா, பிடரித் தசைதான் அத இழுத்துப் பிடிக்கும். அது களைச்சுப் போச்சு அக்கா.”

களைச்சுப் போச்சு என்றதும் ஸைனம்புவின் கண் நிறைந்தது. அதை அவளிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

நாடியைத் தொண்டைப் பக்கமாக உள்ளே இழுத்துப் பிடிக்கவும், தோள்களைப் பின்னுக்குச் சேர்க்கவும் கம்சாயினி காட்டிக் கொடுத்தாள். அரை மணிக்கொருதரம் எழும்ப வேண்டும், சுடுதண்ணீரில் பிழிந்த துணியால் ஒத்த வேண்டும், பட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும்.

“வலி ஒரேயடியாப் போகாது. மாசக்கணக்கு எடுக்கும். கை பலமில்லாமப் போய்ச் சாமான் விழுந்தா மட்டும் உடனே வாங்க.”

வீட்டுக்கு வந்ததும் மஜீட் நாலு கல் கொண்டுவந்து மேசைக் கால்களுக்கு அண்டை கொடுத்தான்.

“நான்தானே அறுத்த” என்றான். “ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்த நான்.”

“நானும்தானே பார்த்த” என்றாள் அவள்.

வலி பாதியாகக் குறைய நோன்பு மாதம் வந்துவிட்டது. பெருநாள் உடுப்புக்கு வந்தவர்களில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பினாள். சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள். பட்டன் தைப்பதை மஜீட் எடுத்துக்கொண்டான், கோணலாகத்தான் தைத்தான்.

ஒரு பின்னேரம், சட்டை தைக்கக் கொடுத்திருந்த ஆசியா உம்மா அதைக் கேட்டு வாசலில் வந்து நின்றார்.

“நாளைக்கு வாங்க உம்மா” என்றாள் ஸைனம்பு. கதவைச் சாத்திவிட்டுத் தட்டைத் தலையணையை வைத்துப் பாயில் நீட்டி நிமிர்ந்து படுத்தாள். தோளின் ஓரத்தில் வலி இன்னும் கிடந்தது. அது கிடக்கட்டுமென்று கண்ணை மூடினாள்.