நஸார் குடிக்கவில்லை

கடைசிக் காட்சி முடிவதற்குள் எர்மலாய் ஃபோமிச்சுக்கு ரத்தம் கொதித்தது. கதையும் நாடகமும் எழுதியே பிழைக்கிறவர் அவர். அவருடைய வரிகளில் கை வைக்காத ஆள் ரஷ்யாவின் உரால் மலைப் பக்கத்தில் கிடையாது. ஆனால் இப்படிக் கழுத்தறுப்பு நடந்தது இதுதான் முதல் தடவை.

நாடகத்தில் வரும் தொழிலாளி நஸார், நிஜத்தில் வாழ்ந்தவன். சுரங்கத்தில் தண்ணீர் புகுந்து செத்தவன். பம்பு பழுது என்று அவன் கத்தியதை மேலதிகாரிகள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அப்புறம், குடிபோதையில் விழுந்தான் என்று கதையை முடித்துவிட்டார்கள். செத்தவன் எழுந்து வந்து மறுக்கப்போகிறானா என்ன! மேடையில் உண்மையைச் சொல்கிறேன் என்று அவன் மனைவி கிளாவ்தியாவுக்கு எர்மலாய் வாக்குக் கொடுத்திருந்தார். அவள் இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். மேடையிலோ நஸார் வோட்கா பாட்டிலோடு தள்ளாடிப் போய்த் தண்ணீரில் விழுந்தான்.

எர்மலாய் திரைக்குப் பின்னால் ஓடி, இயக்குநர் ரொஸ்திஸ்லாவின் சட்டையைப் பிடித்தார்.

"யாரைக் கேட்டுய்யா பாட்டிலைக் குடுத்த? அந்தப் பொம்பள முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"கத்தாதீங்க எர்மலாய் ஃபோமிச். கட்சிச் செயலாளர் பால்கனியில இருக்கார். பாட்டில் இல்லேன்னா நாடகமே இல்லேன்னு நேத்துதான் சொன்னாங்க."

"உனக்கு முதுகெலும்புன்னு ஒண்ணு இருக்கா?"

"பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு. உங்களுக்கென்ன, ஒண்டிக்கட்டை!"

"எழுதினவரு எங்கே? வரச் சொல்லுங்க!" என்று அரங்கம் கூவியது. முதல் நாளன்று எழுதியவர் மேடையேறி வணங்கியே ஆகவேண்டும். நல்லதாகப் போயிற்று, எல்லார் முன்னாலும் போட்டு உடைக்கிறேன் என்று எர்மலாய் போனார். ஒரு கையை நஸாராக நடித்தவன் பிடித்துக்கொண்டான், மறு கையை ரொஸ்திஸ்லாவ். எர்மலாய் வாயைத் திறந்தார். பால்கனியில் செயலாளர் எழுந்து நின்று கை தட்டினார். வாய் தானாக மூடிக்கொண்டது. கைகோத்த வரிசை குனிந்தபோது அவரையும் சேர்த்து இழுத்தது. நிமிர்ந்து, மறுபடி குனிந்தார். இரண்டாவது தடவை யாரும் இழுக்கவில்லை.

கிளாவ்தியா மூன்று கார்னேஷன் பூக்களோடு மேடையேறி வந்தாள். அவருக்கென்றே வாங்கியவை. அவர் முன்னால் நின்று ஒன்றை உருவிக் கீழே போட்டாள். மீதி இரண்டை நீட்டினாள். உயிரோடு இருப்பவருக்கு அந்த ஊரில் யாரும் இரட்டைப்படையில் பூ கொடுப்பதில்லை, அது கல்லறைக்கு. முன்வரிசையில் கைதட்டல் நின்றது.

"புடிங்க," என்றாள். "நஸார் குழியில வச்சதும் இதே கணக்குதான்."

எர்மலாய் வாங்கிக்கொண்டார்.