அக்கா சொன்ன சாட்சி

பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளைக் ‘கறையக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். எப்பேர்ப்பட்ட ரத்தக்கறையும் அவள் கைபட்டால் ஓடிப்போய்விடும்.

அம்மா செத்தபிறகு தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அவன் லாரி ஓட்டினான். கல்யாணமான பிறகும் அடுத்த வீட்டிலேயே குடியிருந்தான். ஒரு மத்தியானம் ரத்தம் பட்ட சட்டையைக் கழற்றிக் கொடுத்து, வழியில் நாய் அடிபட்டுக் கிடந்தது, ஓரமாய்த் தூக்கிப்போட்டேன் என்றான். தம்பிக்கு எவ்வளவு இளகிய மனசு என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. பச்சைத்தண்ணீரில் ஊறப்போட்டு, சுவடே தெரியாமல் துவைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் ஊரெல்லாம் ஒரே பேச்சு. சைக்கிளில் போன பால்காரரை லாரிக்காரன் ஒருவன் அடித்து, ஓரமாய் இழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டான். அப்போது உயிர் இருந்திருக்கிறது; கிடந்த இடத்திலேயே செத்துப்போனார். தம்பியோடு வேலை பார்த்த வேறொரு டிரைவரைப் போலீஸ் பிடித்துப்போனது. அந்த ஆள் ஒரு வாயில்லாப்பூச்சி.

அவள் கேட்டதும் தம்பி மறைக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

“சும்மா இருக்கா. அவன் எப்படியும் வெளிய வந்துடுவான். உன்னத் தவிர யாருக்குத் தெரியும்?”

அது உண்மைதான். இருந்த கறையையும் அவளே எடுத்துவிட்டாள். ஆனால் அந்த ஞாயிறு கோயிலில் பாஸ்டர், பெற்ற பிள்ளையைப் பலிகொடுக்க மலையேறிய ஆபிரகாமைப் பற்றிப் பேசினார். பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளை வாயை மூடிக்கொண்டிருப்பவளுக்கும் சேர்த்துத்தான் என்று அவளுக்குப் பட்டது. சாட்சி சொல்ல வேறு யாரையாவது அனுப்பும் ஆண்டவரே என்று முழங்காலில் நின்று கெஞ்சினாள். யாரும் வரவில்லை.

தம்பியிடம் போய்ச் சொன்னாள்: “காலைல ஸ்டேஷனுக்குப் போறேன். நீயே முந்திப் போயிட்டா நான் போகவேண்டியதில்ல.”

அவன் சிரித்தான். “நீ போகமாட்டக்கா.”

போனாள்.

கோர்ட்டில் அவள் பேசி முடிக்கும்வரை அவன் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த டிரைவர் விடுதலையாகிக் கும்பிட வந்தபோது அவள் கதவைத் திறக்கவில்லை. சிறைக்குப் பார்க்கப் போன நாளெல்லாம் தம்பி அவள் முன்னால் வர மறுத்தான். பிறகு மஞ்சள்காமாலை வந்து உள்ளேயே செத்துப்போனான். அவன் பெண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதன்பிறகுதான் குரல் கேட்க ஆரம்பித்தது. சலவை இயந்திரங்கள் சுற்றும் இரைச்சலுக்குள்ளிருந்து, “அக்கா” என்று. பயந்த குரல், சின்ன வயசில் கூப்பிட்ட மாதிரி. ஓடிப்போய் இயந்திரத்தை நிறுத்துவாள். ஈரத்துணி சொட்டும் சத்தம் மட்டும் மிஞ்சும். கூட வேலை செய்கிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

ஆறுதல் சொல்ல வந்த பாஸ்டர், கீழ்ப்படிந்தவர்களைக் கர்த்தர் கைவிடமாட்டார் என்றார்.

“ஆபிரகாமுக்குக் கடைசி நேரத்துல பிள்ளைக்குப் பதிலா ஆட்டுக்கடா கெடச்சுது ஐயா. நானும் அந்தச் சாட்சிக் கூண்டுல நின்னுகிட்டு சுத்திச் சுத்திப் பார்த்தேன்.”

அவர் பைபிளை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார். அவள் கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. பாட்டுக்கு மட்டும் வாய் திறப்பதில்லை.

ஒருநாள் சாயங்காலம் தம்பி பெண்டாட்டி வந்து நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும் அண்ணி. அவரு இப்படிச் சாவாருன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா போயிருப்பீங்களா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் பிள்ளையோடு திரும்பி வந்துவிடுவாள் என்று தோன்றியது.

“போயிருப்பேம்மா,” என்றாள். “அத நெனச்சாத்தான் எனக்கே என்னப் பார்த்து பயமா இருக்கு.”

தம்பி பெண்டாட்டி அழவில்லை, திட்டவுமில்லை. செம்பிலிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு இறங்கிப் போனாள். இப்போதும் எப்போதாவது பிள்ளையைக் கொண்டுவந்து காட்டுகிறாள். வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை.